வலி என்னும் தூது

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு முதலில் தெரிவது காவிரி. அதற்கு அப்பால் தென்னந்தோப்புகளின் நடுவே திருவரங்கத்துக் கோபுரங்கள். மழை பெய்து வானம் தெளிந்த நாளில், அவற்றுக்கும் அப்பால் வடமேற்குத் திசையில் நீல நிறத்தில் ஒரு மலைத்தொடர் புலனாகும். அதுவே கொல்லிமலை. சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை. இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளை மலைக்கோட்டைக்கு அழைத்துச் சென்ற போதெல்லாம் அம்மலையைச் சுட்டிக்காட்டி ஓரியின் கொடையைப் பற்றிச் சொல்லுவது என் வழக்கம். அங்கே பிறந்த வேறொருவரைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும் என்பதை, தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே உணர்ந்தேன்.

அவர் டாக்டர் பால் பிராண்டு. 1914ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கொல்லிமலையில் சமயத் தொண்டும் மருத்துவத் தொண்டும் செய்துவந்த ஆங்கிலத் தம்பதிக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தையார் மலையிலேயே காய்ச்சல் கண்டு காலமானார். மகன் முதலில் கட்டட வேலை பயின்று, பிறகு மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். உலகம் வெறுத்து ஒதுக்கும் வலியை மனிதனுக்குக் கிடைத்த கொடை என்று துணிந்து கூறியவர் இவர்.

நேயர்களே, வலி என்பது ஒரு தூது. உடலின் எல்லையிலிருந்து மூளை என்னும் அரசுக்குச் செய்தி கொண்டு செல்லும் தூது. திருவள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். தூதன் இரண்டு வகையில் கெடலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வாய் மூடிவிடலாம். அல்லது நடவாததை நடந்ததாக ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கலாம். நரம்பு புண்பட்டால் இந்த இரண்டு கேடும் நேரும். முதற்கேட்டின் வரலாறு பிராண்டின் வரலாறு. இரண்டாவது கேட்டை நான் என் பள்ளியிலேயே கண்டேன், கண்டும் அறியாதிருந்தேன். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை 1873இல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்ஸன் கண்டறிந்தார். இக்கிருமி தோலிலும் நரம்பிலும் குடியேறுவது. உடலின் குளிர்ந்த பகுதிகளே அதற்கு உகந்தவை. ஆகவே நரம்புகள் தோலுக்கு அண்மையில் ஓடும் இடங்களை அது நாடுகிறது. முழங்கையின் உட்புற எலும்பை எதிர்பாராமல் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரையில் மின்சாரம் பாய்ந்தது போல் இருக்குமே, அந்த நரம்பு அவற்றுள் முதன்மையானது. மணிக்கட்டிலும், முழங்காலின் வெளிப்புறத்திலும், கணுக்காலிலும் இத்தகைய நரம்புகள் உண்டு. அவை வீங்கிக் கெட்டுப்போனால் தசைகள் செயலிழக்கும், விரல்கள் மடங்கும், தோல் மரத்துப்போகும்.

1947இல் செங்கல்பட்டைச் சேர்ந்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்துக்குப் பிராண்டை அழைத்துச் சென்றவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றிய பிராண்டு, அப்பிடியின் வலிமையைக் கண்டு வியந்தார். விரல்களை நீட்டும் சிறு தசைகள் செத்திருந்தன. ஆனால் பற்றும் தசைகள் உயிரோடு இருந்தன. நல்ல தசையின் தசைநாரை எடுத்து மாற்றி வைத்துத் தைத்தால் கை மீண்டும் பயன்படும் என்னும் எண்ணம் அங்கேதான் பிறந்தது. மறு ஆண்டிலிருந்து வேலூரில் அத்தகைய அறுவைகள் நடைபெற்றன. 1951இல் நவஜீவ நிலையம் தோன்றியது. 1955இல் வேலூருக்கு அண்மையில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

கைகள் சீராயின. ஆயினும் சீரான கைகளில் மீண்டும் புண்கள் உண்டாயின. நோயே சதையை அரிக்கிறது என்பதுதான் அந்நாள் வரை மக்களும் மருத்துவருள் பலரும் கொண்டிருந்த நம்பிக்கை. பிராண்டு அதை ஏற்கவில்லை. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முயன்று அவரால் முடியவில்லை. நோயாளியான சிறுவன் ஒருவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பினான். தரையில் இரத்தம் சொட்டியது. அவன் விரலின் சதை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனோ அதை அறியவில்லை. வேறு சிலருக்கு இரவில் உறங்கும்போது விரல் நுனி காணாமற்போயிற்று. விழித்திருந்து காவல் காத்தபோது எலிகள் வந்து கடிப்பது தெரிந்தது. வீடு திரும்புவோர் ஒவ்வொருவரும் ஒரு பூனையைக் கொண்டு செல்ல வேண்டும் என்று அதன் பின் ஏற்பாடு செய்தார்கள்.

இதிலிருந்து பிராண்டு கண்ட உண்மை எளியது. தொழுநோய் விரலைத் தின்பதில்லை. அது தூதனைக் கொல்லுகிறது. தூதன் இல்லாத நாட்டின் எல்லையில் எந்தப் பகையும் தடையின்றி நுழையும். 1966இல் அமெரிக்காவுக்குச் சென்ற பிறகு, செயற்கையாக வலியை உண்டாக்கும் கருவி ஒன்றை அமைக்கவும் அவர் முயன்றார். கையுறையில் அழுத்தத்தை அறியும் கருவிகளைப் பொருத்தி, ஆபத்து நேரும்போது ஓசை எழும்படி செய்தார். நோயாளிகள் ஓசையைப் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி தரும்படி மாற்றினார். அவர்கள் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். நம் விருப்பப்படி அணைக்க முடியாதது என்பதனாலேயே வலி நம்மைக் காக்கிறது என்று அவர் முடிவு செய்தார். 2003இல் அவர் காலமானார்.

இனி, இத்தூது எவ்வாறு செல்லுகிறது என்பதைச் சிறிது காண்போம். நரம்பைத் தந்திக் கம்பிக்கு ஒப்பிட்டே நான் வகுப்பில் பாடம் நடத்தினேன். அது பாதி உண்மைதான். நரம்பின் நீளத்தில் ஓடுவது மின் துடிப்பு. ஆனால் ஒரு நரம்பு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைச் செய்தி எவ்வாறு கடக்கிறது? 1921இல் ஆஸ்திரிய நாட்டில் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர் ஆட்டோ லோவி இதற்கு விடை கண்டார். உறக்கத்தில் தோன்றிய எண்ணம் என்று அவரே கூறியிருக்கிறார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்பு நீரில் இட்டார். இதயத்தைத் தணிக்கும் நரம்பை ஓர் இதயத்தில் தூண்டினார். அதன் துடிப்புத் தளர்ந்தது. அது கிடந்த நீரை எடுத்து மற்றோர் இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அவ்விதயமும் தளர்ந்தது. ஆகவே நரம்பு தன் நுனியிலிருந்து ஏதோ ஓர் இரசாயனப் பொருளைச் சொரிந்தே செய்தியைக் கொடுக்கிறது என்பது வெளிப்பட்டது. அவருக்கும், அப்பொருள்களை ஆராய்ந்த ஆங்கிலேயர் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வலிக்கும் இத்தகைய இரசாயனத் தூதர்கள் உண்டு. 1931இல் டேலின் ஆய்வுக்கூடத்தில் ஃபான் ஆய்லர், காட்டம் என்ற இருவர் கண்டெடுத்த ஒன்றுக்குப் ‘பொருள் பி’ என்று பெயர். வலியைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் முதுகுத்தண்டில் முடியும் இடத்தில் இது சொரியப்படுகிறது என்பது பின்னர்த் தெரிந்தது. 1949இல் பிரேசில் நாட்டில் ரோச்சா இ சில்வா என்பவரும் அவருடைய துணைவர்களும், அந்நாட்டு விரியன் பாம்பின் நஞ்சு இரத்தத்தில் கலந்தபோது பிராடிகைனின் என்னும் பொருள் உண்டாவதைக் கண்டனர். நம் தோல் கிழிந்தாலும் அதுவே ஊறி வலியை எழுப்புகிறது. புண்பட்ட இடத்தில் உண்டாகும் புராஸ்டகிளாண்டின் என்ற மற்றொன்று நரம்பு நுனியைக் கூர்மையாக்குகிறது. ஆஸ்பிரின் மாத்திரை வலியைத் தணிப்பது அப்பொருள் உண்டாகாமல் தடுப்பதனால்தான் என்று 1971இல் ஜான் வேன் காட்டினார்.

ஆக, காயம் பட்ட திசுவில் சில பொருள்கள் ஊறுகின்றன. அவை நரம்பு நுனியைத் தட்டி எழுப்புகின்றன. நரம்பு முதுகுத்தண்டு வரை ஓடி அங்கே வேறு சில பொருள்களைச் சொரிகிறது. அங்கிருந்து செய்தி மூளைக்கு ஏறுகிறது. காயம் ஆறினால் பொருள்கள் வற்றும், வலி நிற்கும். இது நலமுள்ள உடலின் முறை. நரம்பே காயம் பட்டால் இம்முறை பிறழ்கிறது.

என் பள்ளியின் செய்திக்கு வருகிறேன். காவிரியின் வடகரையில் உள்ள ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, அங்கே ஓவிய ஆசிரியர் ஒருவர் பணியாற்றினார். அமைதியானவர். கரும்பலகையில் அவர் ஒரே இழுப்பில் வட்டம் போடுவதைக் காண மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வாயிலில் வந்து நிற்பார்கள். 1999இல் அவர் கையில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தோன்றியது. தொழுநோய் என்று தெரிந்ததும் அவர் மறைக்கவில்லை. என்னிடம் வந்து சொன்னார். மூன்று மருந்துகளைச் சேர்த்து உண்ணும் கூட்டு மருந்து முறையை 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருந்தது. அம்மருந்தை அவர் ஓராண்டு தவறாமல் உண்டார். நடுவில் முழங்கை நரம்பு வீங்கிச் சில வாரங்கள் பெருந்துன்பம் அடைந்தார். பிறகு அதுவும் தணிந்தது. நோய் நீங்கிவிட்டது என்று மருத்துவர் சான்று கொடுத்தார். அச்சான்றை நான் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னும் படித்துக் காட்டினேன். அவரை விலக்கி வைக்கக் கூடாது என்று பேசினேன். அதுவரையில் நான் செய்தது சரி.

2003ஆம் ஆண்டு அவர் விடுப்புக் கேட்டு எழுதினார். வலது கை இரவும் பகலும் நெருப்பில் இட்டது போல் எரிவதாகவும், சுண்ணக்கட்டியைப் பிடிக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். அவரை அறைக்கு அழைத்தேன். கையில் ஈரத்துணி சுற்றியிருந்தார். கையைப் பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் சற்றே மடங்கியிருந்தனவே அன்றி, புண்ணோ வீக்கமோ சிவப்போ இல்லை. அச்சமயம் பணியாள் காப்பி கொண்டுவந்தார். ஆசிரியர் டம்ளரை வலது கையில் எடுத்தார். நான் கையை வைக்க முடியாத அச்சூட்டை அவருடைய சுண்டுவிரல் பக்கம் அறியவே இல்லை.

நான் கேட்டேன்: “சூடான டம்ளரையே அறியாத கை, நெருப்பே இல்லாமல் எப்படி எரியும், சார்?”

அவர் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் நின்றார். “எரிகிறது, சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிக் கணிதத்தில் முரண்பாட்டைக் காட்டித் தேற்றத்தை மறுப்பது போல் அவரை மறுத்துவிட்டேன் என்ற நிறைவு அன்று எனக்கு இருந்தது. விண்ணப்பத்தின் ஓரத்தில், நோய் நீங்கியதற்குச் சான்று இருப்பதால் விடுப்புக்குக் காரணம் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். எல்லோரும் பாராட்டும்படி நான் படித்துக் காட்டிய அச்சான்றையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தினேன். அவர் ஈரத்துணியோடு வகுப்புக்குப் போனார். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். பிறகு ஒரு நாளும் அவர் வலியைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 2019இல், ஓய்வு பெற்றுத் திருவரங்கத்தில் இருந்த எனக்கு மார்பின் இடப்புறத்தில் அக்கி கண்டது. குயவரை அழைத்துக் காவியால் அக்கி எழுத வேண்டும் என்று தமக்கையார் சொன்னார், மருத்துவமும் செய்துகொண்டேன். கொப்புளங்கள் மூன்று வாரத்தில் உலர்ந்தன. வலி உலரவில்லை. மேல்துண்டின் நுனி பட்டாலும் தீப்பொறி விழுந்தது போல் இருக்கும். அதே இடத்தில் விரலால் அழுத்தினால் மரத்துக் கிடக்கும். மரப்பும் எரிவும் ஒரே இடத்தில்! இதைத் திருச்சியில் நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் வியப்போடு சொன்னேன். “இதில் வியப்பில்லை, ஐயா. நரம்பு புண்பட்டால் இப்படித்தான் இருக்கும்,” என்றார் அவர். அந்த நொடியில் என் கண்முன் வந்து நின்றது அந்தக் காப்பி டம்ளர்.

அதன் பிறகே இத்துறை நூல்களைத் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் என்னை முதலில் தைத்தது 1864ஆம் ஆண்டுச் செய்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, நரம்பில் குண்டு பாய்ந்த போர்வீரர்களுக்கென்று பிலடெல்பியா நகரில் தனி மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே பணியாற்றிய வேயர் மிட்செல், மோர்ஹவுஸ், கீன் என்னும் மூவர் தாம் கண்டவற்றை அவ்வாண்டில் நூலாக வெளியிட்டனர். காயம் ஆறிப் பல வாரம் ஆன பின்னும் சிலருக்குக் கையோ காலோ ஓயாது எரிந்தது. அவர்கள் எந்நேரமும் ஈரத்துணியைச் சுற்றியிருந்தார்கள். காலணிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டோரும் உண்டு. இவ்வெரிவுக்கு மிட்செல் பின்னர்க் ‘காசால்ஜியா’ என்று தனிப் பெயர் வழங்கினார்.

போர்முனைக்குத் திரும்ப மனமில்லாமல் நோயை நடிப்போரைக் கண்டுபிடிப்பதும் அம்மருத்துவர்களின் கடமையாக இருந்தது. அதைப் பற்றியும் அதே ஆண்டில் அம்மூவரும் தனியே ஒரு கட்டுரை எழுதினர். நடிப்பைப் பிரித்தறியும் கலையில் தேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களே எரியும் கையை நம்பினார்கள். நானோ ஒன்றையும் ஆராயாமல் நம்ப மறுத்தேன்.

நெருப்பே இல்லாமல் எரிவது எவ்வாறு என்ற என் கேள்விக்கும் விடை உண்டு. அது நம் சமையலறையிலேயே இருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் வற்றல் மிளகாய் மண்டியைக் கடந்து சென்றோர் யாவரும் அதை அறிவர். மிளகாய் பட்டால் நாக்கு எரிகிறது என்கிறோம். நெருப்புப் பட்டாலும் எரிகிறது என்கிறோம். ஒரே வினைச்சொல். இது வெறும் உவமை என்று எண்ணியிருந்தேன். 1997இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவர் குழுவினரும், மிளகாயின் காரப்பொருள் நரம்பு நுனியில் உள்ள எந்தக் கதவைத் திறக்கிறது என்று கண்டுபிடித்தனர். சுமார் 43 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டாலும் திறப்பது அதே கதவுதான். ஆகவே மிளகாய் தின்றவனுடைய மூளைக்கு உண்மையிலேயே நெருப்பு என்ற செய்தி போகிறது. 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசு இதற்காக ஜூலியஸுக்கும், தொடுவுணர்வின் கதவைக் கண்ட பட்டபூட்டியன் என்பவருக்கும் வழங்கப்பட்டது.

கதவைத் திறக்க நெருப்பு வேண்டியதில்லை என்பது தெளிவாயிற்று. புண்பட்ட நரம்பில் அக்கதவை அலைக்கழிக்கும் பொருள்கள் பல. தொழுநோயில் உடலின் காவற்படை கிருமியோடு போரிடும்போது, போர்க்களம் நரம்பின் உள்ளேயே அமைகிறது. காவல் அணுக்கள் ஒன்றையொன்று அழைக்கச் சில பொருள்களைச் சொரிகின்றன. அவற்றுள் ஒன்று டி.என்.எஃப். எனப்படுவது. நரம்பு வீங்குகிறது, அதன் உறையோ விரிந்து கொடுப்பதில்லை, உள்ளே இழைகள் நெரிபடுகின்றன. ஓவிய ஆசிரியர் மருந்துண்ட காலத்தில் பட்ட துன்பம் இதுவே.

இப்பொருளின் பங்கு தெரியவந்ததும் ஒரு விந்தையான வரலாறு. கருவுற்ற தாய்மார் உண்டதனால் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன என்று 1961இன் இறுதியில் ஜெர்மனியில் விலக்கப்பட்ட தாலிடோமைடு என்னும் தூக்க மருந்தை, 1964இல் எருசலேமில் டாக்டர் ஷெஸ்கின் என்பவர் தொழுநோயின் கடும் எதிர்விளைவினால் உறக்கமின்றித் துடித்த ஒருவருக்குக் கொடுத்தார். நோயாளி உறங்கினார் என்பது மட்டும் அன்று; சில நாட்களில் வலியும் கட்டிகளும் தணிந்தன. காரணம் விளங்கப் பல்லாண்டுகள் ஆயின. அம்மருந்து டி.என்.எஃப். சுரப்பதைக் குறைக்கிறது என்று 1991இல் நியூயார்க் ஆராய்ச்சியாளர் காட்டினர். கருவில் உள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு இழைக்கும் அதனை இன்றும் மிகக் கடுமையான காவலோடுதான் வழங்குகிறார்கள்.

போர் முடிந்த பின்னும் எரிவு நிற்காதது ஏன்? அறுபட்டும் நெரிபட்டும் போன இழைகளில் சில, தூண்டுவார் இன்றித் தாமே துடிப்பை அனுப்புகின்றன. 1950களில் ரீட்டா லெவி-மொன்டால்சினி அம்மையார் கண்டறிந்த நரம்பு வளர்ச்சிப் பொருள், நரம்பை வளர்ப்பதோடு வலியுணரும் நுனிகளைக் கூர்மையாக்கவும் செய்கிறது. இவ்வாறு ஓயாது வரும் செய்திகளினால் முதுகுத்தண்டில் உள்ள அணுக்களே நிலை மாறி, மெல்லிய சொல்லையும் பெருங்கூச்சலாகக் கேட்கத் தொடங்குகின்றன என்று 1983இல் கிளிஃபோர்டு உல்ஃப் என்பவர் காட்டினார். இப்போது அந்த டம்ளரைப் பாருங்கள். சுண்டுவிரலிலிருந்து சூட்டைச் சொல்ல வேண்டிய இழைகள் செத்துவிட்டன. ஆகவே சூடு தெரியவில்லை. புண்பட்டும் சாகாத இழைகளும், அவற்றைக் கேட்டுக் கேட்டு நிலை மாறிய முதுகுத்தண்டும் நெருப்பு என்று கூவிக்கொண்டே இருக்கின்றன, ஆகவே எரிகிறது. நான் முரண்பாடு என்று கருதியது முரண்பாடே அன்று. நரம்பு புண்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

இந்நிலை அரிதும் அன்று. மருந்து முடித்த தொழுநோயாளரிடையே மும்பையில் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இத்தகைய நரம்பு வலி இருந்தது. கிருமி செத்ததும் கணக்கை மூடிவிடும் நம் வழக்கத்தினால் அவர்கள் கணக்கில் வரவில்லை. சாதாரண வலி மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை; அவை புண்பட்ட திசுவுக்கு ஏற்றவை. நரம்பின் செய்திப் பொருள்களைத் திருத்தும் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் அளவறிந்து தருகிறார்கள். எல்லோருக்கும் முழு நலம் கிடைப்பதில்லை. பலருக்கு உறக்கமாவது கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது.

அக்கி வலி ஓரளவு தணிந்ததும் திருவானைக்காவலில் வசிக்கும் அந்த ஓவிய ஆசிரியரைத் தேடிச் சென்றேன். அவரும் ஓய்வு பெற்றிருந்தார். 2003இல் நான் எழுதிய வரியை நினைவுபடுத்தி, அது தவறு என்று சொன்னேன். அவர் என்னை நாற்காலியில் அமர்த்திவிட்டு, “அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கு சார் தெரியும்?” என்றார். அவ்வார்த்தை எனக்கு ஆறுதலாகவே இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

பிலடெல்பியா மருத்துவர்களைப் பற்றிப் படித்தது அதற்குப் பின்னர். படித்ததும் அவ்வாறுதல் பறிபோயிற்று. 1864இல் அச்சேறிய உண்மை 2003இல் யாருக்கும் தெரியாததன்று. நான் கேட்டிருக்கலாம். ஒரு டாக்டரிடம் அவரை அனுப்பியிருக்கலாம். ஒன்றும் அறியாவிட்டாலும், எரிகிறது என்று சொன்னவரை நம்பியாவது இருக்கலாம். திருவரங்கத்துக் குருபரம்பரைக் கதைகளில், ஆளவந்தார் தாம் பட்ட நோயை மாறனேர் நம்பி தமக்கு வேண்டும் என்று கேட்டுப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லுவார்கள். சிறு வயது முதல் அக்கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பிறர் வலியை வாங்கிக்கொள்ளும் பெருமை நம்மவருக்கு இயலாது. வலிக்கிறது என்பவனை நம்புவதற்குப் பெருமை எதுவும் வேண்டியதில்லை.

நம் நாட்டில் 1898ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம், நோயுற்ற ஏழைகளைப் பிடித்து அடைத்து வைக்க இடம் தந்தது. அது 2016இல் நீக்கப்பட்டது. ஒதுக்கி வைக்கும் சட்டம் போய்விட்டது, நல்லதே. ஆனால் ஒருவரை ஊரை விட்டு விலக்குவது மட்டும் ஒதுக்குதல் அன்று. அவர் சொல்லும் சொல்லை விலக்குவதும் ஒதுக்குதலே. ஆசிரியர்கள், அலுவலகத் தலைவர்கள், வீட்டுப் பெரியவர்கள் ஆகியோர் தம்மிடம் வரும் வலியை அளக்க, கண்ணுக்குத் தெரியும் புண் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளுகிறார்கள். நரம்பு வலிக்கு அந்த அளவுகோல் பயன்படாது. அக்கி கண்டவர், நீரிழிவினால் பாதம் எரிகிறவர், கையிழந்த பின்னும் அக்கை வலிக்கிறது என்பவர் எல்லோரும் இவ்வினத்தைச் சேர்ந்தவர்களே.

அந்த நூற்செய்தியோடு மறுபடியும் திருவானைக்காவலுக்குச் சென்றேன். அன்றைக்கே தெரிந்த செய்திதான் என்றும், அறியாமல் இருந்தது என் குற்றம் என்றும் சொன்னேன். அவர் அதைப் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை. அப்போர்வீரர்களைப் பற்றி விவரமாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தம் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர்களும் ஈரத்துணிதான் சுற்றினார்களா, சார்?” என்றார்.

“ஆமாம், சார்,” என்றேன்.

சற்று நேரம் கழித்து அதையே இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் ஆமாம் என்று சொன்னேன்.